பழைய பதிவுக்கு என்ன ஆகும்?

ஒரு கடையின் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் டேபிள். ஐடி தானாக ஏறும். செல்பேசி எண்ணுக்கு யுனிக் கீ உண்டு, அதாவது ஒரே எண் இரண்டு பதிவுகளில் வர முடியாது. ஏற்கெனவே உள்ள எண்ணோடு இன்னொரு பதிவு வந்து நிற்கிறது.

செலக்ட் போட்டுத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் இன்செர்ட் போட்டுச் சேர்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஒரே எண்ணோடு இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக வந்தால் இரண்டுக்குமே ‘இல்லை’ என்று பதில் போகும். அதனால் முடிவை டேட்டாபேஸிடமே விடுவது நல்லது.

மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸில் அதற்கு மூன்று வழிகள். இன்செர்ட் இக்னோர் பழையதைத் தொடாது, புதியதை விட்டுவிடும். ஆனால் அது விழுங்குவது டூப்ளிகேட்டை மட்டுமல்ல. அளவு மீறிய எண்ணை வெட்டிச் சேர்க்கும். ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டும் ஃபீல்டு) பொருந்தாத பதிவைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். எல்லாம் வெறும் வார்னிங். வார்னிங்கை யார் படிக்கிறார்கள்?

ரீப்ளேஸ்தான் ஆபத்தானது. பெயரைப் பார்த்துத் திருத்தம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. பெயரையும் எண்ணையும் மட்டும் கொடுத்தீர்களா? முகவரி போச்சு, ஐடியும் புதிது. ஆர்டர் டேபிள் அந்த ஐடியை ஆன் டெலீட் கேஸ்கேடோடு (அங்கே அழிந்தால் இங்கேயும் அழி என்ற விதி) பிடித்திருந்தால், பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தப் போய் அவருடைய ஆர்டர்கள் மொத்தமும் காலி. கேஸ்கேட் இல்லாமல் எரர் வந்தால் உங்கள் நல்ல நேரம்.

ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் அப்படியல்ல. பழைய பதிவும் ஐடியும் இருக்கும், சொன்ன ஃபீல்டு மட்டும் மாறும். நான் எடுப்பது இதைத்தான், சில உறுத்தல்களோடு. ஒரு பதிவு திருத்தப்பட்டால் ‘2 ரோ’ (இரண்டு பதிவு) என்று கணக்குக் காட்டும். திருத்தம் மட்டுமே நடந்தாலும் ஐடி எண் ஒன்று வீணாகலாம். தினமும் லட்சக்கணக்கில் ஓட்டினால், சில ஆயிரம் பதிவுகள் உள்ள டேபிளிலேயே இன்ட் என்ற முழு எண் வகையின் 2147483647 என்ற எல்லை முட்டும். மின்னஞ்சலுக்கும் யுனிக் கீ இருந்தால், எந்தப் பதிவு திருத்தப்படும் என்பது நம் கையில் இல்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2016இல் 9.5 பதிப்போடு கொண்டுவந்த ஆன் கான்ஃப்ளிக்ட் இங்கேதான் மேல். டூ அப்டேட் என்றால் எந்த ஃபீல்டில் மோதல் என்று நாமே சொல்லியாக வேண்டும். டூ நத்திங் மோதலை மட்டும் விடும். மற்ற தவறுகளுக்கு எரர் வரும். ஒரே இன்செர்ட்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை இருந்தால் டூ அப்டேட்டும் எரர் தரும், எனவே முதலிலேயே வடிகட்டுங்கள். எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸும் 2018இல், 3.24 பதிப்பில், இதே வடிவத்தை எடுத்துக்கொண்டது.

அப்புறம் ஒன்று: செல்பேசி எண் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாமல் காலி) ஆக இருக்கலாம் என்று விட்டிருந்தால், அப்படிப்பட்ட பதிவுகளுக்கு மேலே சொன்ன எதுவுமே வேலை செய்யாது. நல்லும் நல்லும் மோதாது. எத்தனை வேண்டுமானாலும் நுழையும். போஸ்ட்கிரெஸ் 15 முதல், யுனிக் கீயில் நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட் என்று சேர்த்து இதை அடைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்த ஃபீல்டை நாட் நல் ஆக்குவதுதான் எளிய வழி.