லாரிக்கு அலுமினிய டெக் போடப் போறீங்களா? கையில் ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க

விவகாரம் சிங்கப்பூர் ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் மன்றம்) வரை போயிருப்பதால் வொர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. பத்தடி லாரி வைத்துப் பிழைக்கும் நம்ம ஆட்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு டைல்ஸ் வேலை. லாரியின் பழைய இரும்பு டெக் (சரக்கு ஏற்றும் தளம்) துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. தேக்காவில் டீ குடிக்கும்போது ஒருவர் கைகாட்டிவிட்ட இடம் அது. முதலாளி தமிழர், பேச்சில் தேன். “அண்ணே, அலுமினியம் போட்டுக்குங்க, துருங்கிற பேச்சே இல்ல. அமெரிக்காவுல ஃபோர்டுகாரனே எஃப்-150 பிக்கப்பை 2015 மாடல்ல அலுமினியத்துக்கு மாத்திட்டான்.” அது உண்மைதான். 2016-ல் போட்டிக் கம்பெனி செவர்லே அதே பிக்கப்பின் தொட்டியில் கற்களைக் கொட்டி, ஓட்டை விழுவதைக் காட்டி விளம்பரம் எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. டெக், மேலே கறுப்பு ஸ்ப்ரே லைனர் (தகட்டைக் காக்க அடிக்கும் பூச்சு), ஸ்டெயின்லெஸ் போல்ட் எல்லாம் சேர்த்து 6,200 வெள்ளி. ஐந்து வருட வாரண்டி.

ஏழாவது மாதம் டிரைவர் தம்பி போன் செய்தார். “அண்ணே, டெக்குல யாரோ உப்பைக் கொட்டின மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். பின்கதவுப் பக்கம் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வெள்ளைப் பொடி. துடைத்தால் கீழே குழி. பக்கத்தில் லைனர் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கிள்ளினேன், உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் தகடு முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. உப்புக்காகிதம் போட்டுச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகுதான் லைனர் அடிக்க வேண்டும். இவர்கள் புதுத் தகட்டின் மேல் அப்படியே அடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் இருந்த பத்துமலை முருகன் காந்தத்தை எடுத்து வந்து போல்ட்டில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டிலும் இப்படி ஒட்டாது. போட்டிருந்தது முலாம் பூசிய சாதா இரும்பு.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதிக் கதை. காற்றுப் பட்டதும் மேலே படியும் மெல்லிய ஆக்சைடுதான் அதற்குக் கவசம். இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும், அதில் கரைவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் போட்டாலும் இடையில் நைலான் வாஷர் வேண்டும், டெக்குக்கும் லாரியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவே ரப்பர் வேண்டும். என் லாரியில் இரண்டுமே இல்லை.

என் தப்பும் ஒன்று உண்டு. கிழிந்த சிமெண்ட் மூட்டை மழையில் நனைந்து இறுகியதை இரண்டு நாள் கழுவாமல் விட்டேன். ஈரச் சிமெண்ட் கடும் காரம், அந்த ஆக்சைடையே தின்றுவிடும். முதலாளி இதைத்தான் பிடித்துக்கொண்டார்: “கெமிக்கல் பட்டா வாரண்டி கிடையாதுண்ணே, கார்டுலயே இருக்கே.” இருந்தது, எறும்பு எழுத்தில். ஆனால் சிமெண்ட் கொட்டியது கேபின் பக்கம், அரித்தது பின்கதவுப் பக்கம். அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

இன்வாய்ஸ் என் கம்பெனி பெயரில் இருந்ததால் நுகர்வோர் சங்கத்துக்குப் போய்ப் பயனில்லை. ஸ்மால் கிளெய்ம்ஸில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது.

நீங்கள் போடுவதாக இருந்தால், என்ன போல்ட், என்ன வாஷர், சிமெண்ட் ஏற்றும் லாரி என்பதையெல்லாம் இன்வாய்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். லைனர் அடிப்பதற்கு முன் தகட்டைத் தேய்த்த படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். “எதுக்குண்ணே, நம்பிக்கை இல்லையா” என்றால் லாரியைத் திருப்பிவிடுங்கள்.

அடுத்த வாரம் ஸ்மால் கிளெய்ம்ஸில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உரிந்த லைனர் துண்டையும் ஒரு போல்ட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். முருகனும் கூட வருகிறார்.