1,349 ரூபாய் செட்டும் 110 ரூபாய் மூங்கில் குச்சியும்

பிள்ளையை முதல் தடவை மீன் பிடிக்கக் கூட்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள், ஆன்லைனில் 'பிகினர் செட்' என்று தேடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் தேடினேன், வாங்கினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்தேன். அப்புறம்தான் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற கடைக்குப் போனேன். இந்த விமர்சனம் அந்தக் கடைக்குத்தான், ஆனால் செட்டைப் பற்றிச் சொல்லாமல் கடையின் அருமை புரியாது.

செட் விலை 1,349. பெட்டி பார்க்க ஜோராக இருந்தது. இழுத்தால் நீளும் கம்பு, ஏறக்குறைய ஏழடி. ரீல், அதில் நூறு மீட்டர் தூண்டில் நரம்பு, ஒரு டப்பா நிறைய கலர் கலராகப் பிளாஸ்டிக் மீன்கள், இரண்டு ரப்பர் தவளை, ஒரு பாக்கெட் தூண்டில் முள். பிராண்டு என்னவென்று கேட்காதீர்கள், பெட்டியில் ஒரு பெயர், கம்பில் ஒரு பெயர், ரீலில் வேறு ஒரு பெயர்.

என் மகளுக்கு ஏழு வயது. அவள் கைக்கு அந்தப் பிடியே தடிமன். ரீல் வேறு கீழே தொங்கிக்கொண்டு மணிக்கட்டை இழுக்கிறது. வீசுவதென்றால் நரம்பை ஆள்காட்டி விரலில் பிடிக்கணும், ரீலில் உள்ள கம்பி வளையத்தைத் தூக்கணும், கம்பை வீசும்போது சரியான நேரம் பார்த்து விரலை விடணும், உடனே வளையத்தை மூடணும். இதில் விரலை விடுகிற இடத்தில் எனக்கே தகராறு, அவள் என்ன செய்வாள். ரீலில் சுற்றியே கிடந்த நரம்பு ஸ்பிரிங் மாதிரி வளைந்து வளைந்து கிளம்பியது, நாலாவது வீச்சில் தூக்கணாங்குருவிக் கூடு. கரையில் உட்கார்ந்து பல்லாலும் நகத்தாலும் முக்கால் மணி நேரம் சிக்கெடுத்தேன். அவள் நத்தைக் கூடு பொறுக்கினாள், கல் எறிந்தாள், கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, மீன் பிடிக்கிறது இதுதானா?" என்றாள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ரப்பர் தவளை மோசமில்லை. தாமரை இலையும் பாசியும் மண்டிக் கிடக்கிற இடத்தில் விராலுக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அது கை பழகிய பெரிய ஆள் வேலை. செட்டில் வந்த முள்ளும் விரால் வாய்க்கான அளவு, ஜிலேபிக் கெண்டையின் வாய்க்குள் அது எந்தக் காலத்திலும் நுழையாது. முள்ளுக்கு நம்பர் கூடக் கூட அளவு சின்னதாகும் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மச்சினன் ஆரம்பித்தான். "என்ன மச்சான், மீன் பிடிக்கப் போனீங்களா, நூல் நூக்கப் போனீங்களா?" திட்டி முடித்துவிட்டு அவன் சொன்ன கடைதான் இது.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கயிற்றுக் கடைகளுக்கும் சாக்குக் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர் அகலம்தான் இருக்கும். வெளியே மூக்கணாங்கயிறும் மாட்டுக்குச் சலங்கையும் தொங்கும், அதைத் தாண்டி உள்ளே பார்த்தால்தான் வலையும் தூண்டில் சாமானும் கண்ணில் படும். வண்டியை விட இடமில்லை, விளக்குத்தூண் பக்கம் எங்கேயாவது விட்டுவிட்டு நடந்துதான் போகணும். கடையில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா. போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் நின்ற முதல் ஐந்து நிமிஷம் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு வரவேற்கிற இடம் வேண்டுமென்றால் இது வேண்டாம்.

"பாப்பாவுக்குத் தூண்டில் வேணும்க்கா" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். டியூஷன் முடிந்து மகள் கூடவே வந்திருந்தாள், பையைக்கூடக் கழற்றவில்லை. "கையை நீட்டு பாப்பா" என்று ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தார். பிடித்துப் பார்த்தாள். அடுத்தது, அடுத்தது என்று நாலாவது குச்சியில் அவளுடைய விரல்கள் சுற்றி வந்து ஒன்றை ஒன்று தொட்டன. "இது போதும்" என்று அடிப்பக்கம் ஒரு சாண் அறுத்துத் தள்ளினார். ஆறடி இருக்கும். நுனியைத் தரையில் அழுத்தி வளைத்துப் பார்த்துவிட்டு, நரம்பைக் குச்சியின் நீளத்துக்கு அரை அடி குறைவாக வெட்டிக் கட்டினார். ஏன் குறைவு என்று கேட்டேன். "மீனு தொங்கும்போது கைக்கு வரணும்ல தம்பி. நீளமா விட்டா மூஞ்சில வந்து அடிக்கும்." அவ்வளவுதான் விளக்கம், மறுபடி சீரியல்.

அதுக்கடுத்து அவர் செய்ததற்குத்தான் இந்தக் கடைக்கு எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் கொடுப்பேன். தக்கை. தோல் சீவின சோளத்தட்டையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அதை நரம்பில் கோத்து, முள்ளுக்கு நாலு விரல் மேலே ஒரு ஈயக்குண்டை நசுக்கி, மேஜைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டார். தக்கை படுத்துக் கிடந்தது. இன்னொரு சின்ன ஈயம் போட்டார். எழுந்து நின்றது, ஆனால் பாதிக்கு மேல் வெளியே. இன்னும் கடுகளவு ஒன்று. இப்போது அரை அங்குலம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மகளைக் கூப்பிட்டு, வாளிக்குள் கையை விட்டு முள்ளை லேசாக ஒரு சுண்டு சுண்டினார். தக்கை சட்டென்று முங்கி மேலே வந்தது. "இப்படிப் போனா தூக்கு. ஆடுனா சும்மா இரு. ஆடும்போது தூக்குனா அம்புட்டும் போச்சு." செட்டோடு வந்த புத்தகத்தில் பதினாறு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள், அதில் இந்த மூன்று வரி இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் என் மகள் காற்றிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள்.

கணக்கு: குச்சி 70, நரம்பு ஒரு சுருள் 20, 12-ம் நம்பர் முள் ஐந்து 15, ஈயம் 5. மொத்தம் 110. தக்கைக்குக் காசு வாங்கவில்லை. கேட்டதற்கு, "சோளத்தட்டைக்கா?" என்றார்.

குறையும் இருக்கு. ஈயத்தைப் பல்லால் கடித்துத்தான் நசுக்குகிறார், அதை நீங்கள் செய்யாதீர்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகவும் விடாதீர்கள், ஈயம் விஷம். வீட்டில் ஒரு சின்னக் குறடு போதும். முள்ளை வெறும் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார், அது என் சட்டைப் பையைத் துளைத்துக்கொண்டு வந்தது. முள் நுனிக்குப் பின்னால் இருக்கிற எதிர்முள்ளை அழுத்தித் தரச் சொன்னேன், "மீனு நழுவிரும்" என்று மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நானே குறடால் அழுத்திவிட்டேன். இரண்டு மீன் நழுவியது உண்மைதான். ஆனால் பிள்ளை விரலில் முள் ஏறினால் வந்த வழியே உருவிவிடலாம், அதற்காக இருபது மீன் போனாலும் பரவாயில்லை. பில் கிடையாது, ஜிபே கிடையாது, சில்லறை கொண்டு போங்கள்.

அடுத்த ஞாயிறு மாமனார் ஊர், சோழவந்தான் பக்கம். தை மாசம், கண்மாய் பெருகிக் கிடந்தது. வெற்றிலைக்குப் பேர் போன ஊர் என்பதால் புழுவுக்குப் பஞ்சமே இல்லை, கொடிக்கால் வாய்க்கால் ஓரத்தில் ஈர மண்ணை ஒரு கொத்து கொத்தினால் சிரட்டை நிறைய மண்புழு. மகள் அதைத் தொட மாட்டேன் என்று அடம். நல்லவேளை, முந்தின நாள் ராத்திரி வாங்கின புரோட்டா ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பிய்த்து எச்சில் தொட்டு மிளகளவு உருட்டி முள்ளில் வைத்தால் கெண்டைக்கு அது போதும், புழுவைவிட முள்ளில் கொஞ்சம் சீக்கிரம் கரைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மதுரைக்காரன் பிள்ளைக்கு முதல் இரை புரோட்டாவாக அமைந்ததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஒரு விஷயம், கண்மாய் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நேராக இறங்கிவிடாதீர்கள். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, குத்தகைக்கு எடுத்தவர் இருப்பார், காவலுக்கு ஆள் இருக்கும். முன்னாலேயே குத்தகைக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டோம். குச்சியையும் அதைப் பிடித்திருந்த ஆளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒத்தத் தூண்டில்தானே, வலைகிலை போட்டுறாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். தண்ணீர் திறந்துவிடுகிற மடைப் பக்கமும், மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்குப் பக்கமும் பிள்ளையைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். கரையை ஒட்டி ஆழமில்லை என்று நம்பவும் கூடாது, மண் அள்ளின பள்ளம் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. நாங்கள் படித்துறையில் பாசி இல்லாத மூன்றாவது படியில் உட்கார்ந்தோம், அவள் பாவாடையின் ஒரு முனை கடைசி வரைக்கும் என் கையில்தான் இருந்தது.

ஆறரைக்குப் போட்டோம். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தக்கை ஆட ஆரம்பித்தது. பொடிக்கெண்டை கொத்தினால் தக்கை டான்ஸ் ஆடும், உள்ளே போகாது. நண்டு பிடித்தால் அப்படியே நைசாக நகர்த்திக்கொண்டு போகும். ஜிலேபி வந்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாய்வாக இழுக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அவளுக்கு வாளிப் பாடம் மட்டும்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு "ஆடுது, சும்மா இரு. ஆடுது, சும்மா இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தக்கை காணாமல் போனது. தூக்கினாள். அக்கா சொன்ன மாதிரியே மீன் நேராக அவள் நெஞ்சுக்கு முன்னால் வந்து தொங்கியது.

நாலு விரல் அகலம் ஜிலேபிக் கெண்டை. 1952-ல் வெளியே இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்றைக்கு எந்தக் கண்மாயில் தூண்டில் போட்டாலும் முதலில் இதுதான் மாட்டுகிறது. முதுகு முள் குத்தும், தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக உள்ளங்கையால் வழித்து முள்ளைப் படிய வைத்துப் பிடித்தால் குத்தாது. கெளுத்தி மாட்டினால் பிள்ளையைத் தொடவே விடாதீர்கள், அதன் பக்கவாட்டு முள் ஏறினால் நாள் பூரா கடுக்கும். எங்களுக்கு மாட்டவில்லை.

ஒன்பது மணிக்குள் பதினொரு மீன். வெயில் ஏறினதும் கொத்து நின்றுவிட்டது. இடையில் ஒரு இடத்தில் தக்கையையே மறந்துவிட்டாள். படிக்குக் கீழே ஒரு பெரிய ஜிலேபி, அதைச் சுற்றிக் கொசு மாதிரி குஞ்சுகள். எங்கள் நிழல் விழுந்ததும் குஞ்செல்லாம் தாயின் வாய்க்குள் போய்விட்டன. "தின்னுடுச்சுப்பா!" என்று கத்தினாள். இல்லை, ஒளித்து வைக்கிறது, அது முட்டையையே வாயில் வைத்துத்தான் பொரிக்கும் என்றேன். நம்பவில்லை. நாங்கள் நகர்ந்து உட்கார்ந்து, குஞ்சுகள் மறுபடி வெளியே வந்த பிறகுதான் நம்பினாள். அதற்கப்புறம் அந்தப் படியில் தூண்டில் போட விடவில்லை.

எட்டைத் திரும்ப விட்டுவிட்டு மூன்றை எடுத்துக்கொண்டோம். மாமியார் மிளகாய்த்தூள் தடவி வறுத்துக் கொடுத்தார். பெரிய மீனை அவளே முழுசாகச் சாப்பிட்டாள், எனக்கு ஒரு வால்.

செட்டை என்ன செய்தேன் என்றால், ரீலைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்துவிட்டேன். கம்பு மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு முருங்கைக்காயை வளைக்க உதவுகிறது. பத்து பன்னிரண்டு வயசில், மகளே ஆசைப்பட்டுக் கேட்டால் ரீல் வாங்கிக் கொடுக்கலாம், அப்போதும் இந்த செட்டை வாங்க மாட்டேன்.

போன வாரம் எனக்கும் ஒரு குச்சி வாங்கலாம் என்று திரும்பப் போனேன். எட்டடி கேட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "எத்தனை பிடிச்ச?" என்று கேட்டார். பதினொன்று என்றாள். "அப்பா?" "அப்பா ஒண்ணும் பிடிக்கல." எனக்கும் ஆறடிதான் கொடுத்தார், 80 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் சீரியல் தொடங்குவதற்கு முன்னால் போய்விடுங்கள்.