ரெட் போட்டா ஃபாலோ போடணும்: தண்டையார்பேட்டையில் ஒரு விடுகதை மேசை

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி டி.எச். ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால், உள்ளே பிரியும் தெருவொன்றில் இருக்கிறது இந்தக் கேரம் மன்றம். கீழே டீக்கடை, மாடியில் ஆறு போர்டு. ஞாயிறு மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை ஜன்னலோரத்து இரண்டு போர்டுகளில் மட்டும் ஸ்ட்ரைக்கர் ஓடாது. அங்கே ஓடுவது ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைகளில் படைத்த நடுவுலகத்தைப் பற்றிய விடுகதைகள். தலைக்கு 60 ரூபாய், ஒரு டீயும் இரண்டு மசால்வடையும் அதிலேயே அடக்கம். வடை சுமார்தான். டீக்குக் குறை சொல்ல முடியாது.

விடுகதைக்குக் கேரம் போர்டு எதற்கு என்று தோன்றலாம். காயினை எண்ணிப் பாருங்கள்: வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. கதையில் கறுப்புக் குதிரைக்காரர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு எதிராக ரிவெண்டெல் என்ற ஊரில் எல்ஃப் இனத் தலைவர் எல்ரோண்ட் பொறுக்கி அனுப்புகிற நடைக்காரர்களும் ஒன்பது பேர். நடுவில், மாட்டினால் ஆளை மறைக்கும் ஒரே ஒரு மோதிரம். போர்டில் காயின் அடுக்கி வைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடுகிறது. இதை யோசித்தவருக்கு இரண்டு பைத்தியமும் சம அளவில் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டம் இப்படி. அணிக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஒவ்வொருவரும் ஐந்து விடுகதை எழுதிக்கொண்டு வர வேண்டும். முன்பக்கம் விடுகதை, பின்பக்கம் விடை. ஓர் அணி போடும், எதிரணி அவிழ்க்கும். 90 விநாடி, மூன்று ஊகம். அவிழ்த்துவிட்டால் தன் நிறக் காயின் ஒன்றைக் கையாலேயே எடுத்துக் குழியில் போட்டுக்கொண்டு, அடுத்த விடுகதையையும் கேட்டு வாங்கலாம். கேரமில் காயின் விழுந்தால் கை மாறாதே, அதே கணக்கு. முறை இல்லாதவர் வாய் விட்டால் ஃபவுல்: குழியில் போட்ட காயின் ஒன்று நடுவுக்குத் திரும்பும். ஒரு விடுகதைக்குச் சராசரியாக மூன்று நிமிடம் வைத்தால் 19 காயினும் தீர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். தவறான ஊகங்கள் கூடினால் ஒன்றரை மணி நேரம் இழுக்கும்.

மூன்று ஊகம் என்பது சும்மா வைத்த எண் இல்லை. 1937-இல் வந்த ஹாபிட் கதையில் குகை இருட்டுக்குள், ஹாபிட் என்ற குட்டை உருவ இனத்தைச் சேர்ந்த பில்போவும் அங்கே வாழும் கொல்லம் (Gollum) என்ற பிறவியும் விடுகதைப் போட்டி நடத்துகிறார்கள். கடைசியில் பில்போ கேட்பது விடுகதையே இல்லை, 'என் பையில் என்ன இருக்கிறது' என்ற வெறும் கேள்வி. கொல்லம் மூன்று ஊகம் கேட்டு வாங்கி, மூன்றாவதில் 'கயிறு, இல்லாட்டி ஒண்ணுமில்ல' என்று ஒரே மூச்சில் இரண்டைச் சொல்லிவிடும். அதனால்தான் இந்த மேசையில் 'அல்லது' என்று சொன்னால் இரண்டு ஊகமாக எண்ணுகிறார்கள். இன்னொரு விதியும் அங்கிருந்து வந்ததுதான். பில்போ கேட்டது விடுகதை விதிக்குள் வருமா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் ஏற்றுக்கொண்டு ஊகிக்கத் தொடங்கிய பிறகு கொல்லம் வாக்குக்குக் கட்டுப்பட்டதே என்று 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய நாவலின் முன்னுரையிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆகவே 'இதெல்லாம் விடுகதையா' என்று தகராறு பண்ணுவதானால் முதல் ஊகத்துக்கு முன்பே பண்ணிவிட வேண்டும். பிறகு வாயைத் திறக்கக் கூடாது. வாரா வாரம் பாதிச் சண்டையைத் தவிர்க்கிற விதி இதுதான்.

தகராறு வருகிற இடம் பெரும்பாலும் ஒன்றே. புதிதாக வருபவர்கள் விடுகதை என்று நினைத்துக்கொண்டு பொது அறிவுக் கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். 'பிறந்தநாள் விருந்தன்று பில்போவுக்கு என்ன வயது?' விடை 111. 'இன்னாபா இது, டிஎன்பிஎஸ்சி பரீட்சையா?' என்று எதிரணி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. படித்தவனுக்கு அது தெரியும், படிக்காதவன் 90 நிமிடம் உட்கார்ந்தாலும் வராது. விடுகதை அப்படி இல்லை. விடை அதற்குள்ளேயே இருக்க வேண்டும், கேட்டவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அதே 111-ஐ இங்கே ஒருவர் மாற்றிப் போட்ட விதம்:

'மூணு குச்சி நட்டு விருந்து வெச்சான், பேச்சு முடியறதுக்குள்ள ஆளைக் காணோம்.'

111 என்பதை எழுதினால் மூன்று குச்சி. விருந்தில் பேசிக்கொண்டே மோதிரத்தை மாட்டி மறைந்தவன் பில்போ. தகவல் அதேதான், ஆனால் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

தொல்காப்பியம் விடுகதையைப் பிசி என்கிறது. ஒன்றைப் போலவே இருக்கிற வேறொன்றைச் சொல்லி மறைப்பது ஒரு வகை. வெளியே தெரிவதை அப்படியே சொல்லி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க விடுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு உரைகாரர்கள் காட்டுவது 'பிறை கவ்வி மலை நடக்கும்'. யானை. இந்த மேசையில் கேட்டதிலேயே சிறந்தது அந்த வம்சத்தைச் சேர்ந்தது:

'மந்தை நகராது, மேய்ப்பன் நடப்பான்.'

விடை எண்ட், மரங்களை மேய்க்கும் மர மனிதர்கள். நான்கே சொல். கதையைப் படிக்காதவர்கூட மந்தை எது என்று யோசித்துப் பாதி தூரம் வந்துவிடலாம். இதற்கும் ஒருவர் 'ஹுவோர்ன் நகருமே' என்று கை தூக்கினார். அவர் சொன்னது சரி. நகரக்கூடிய மரங்களும் அந்தக் காட்டில் உண்டு. முதல் ஊகத்துக்குப் பிறகு சொன்னதால் செல்லவில்லை.

இரண்டு விடை வருவதுதான் விடுகதை எழுதுபவர்களின் பெரிய தலைவலி. 'எதிரி எட்ட வரும்போதே முகம் நீலமாகும்' என்று பில்போவின் ஸ்டிங் வாளுக்கு ஒன்று வந்தது. எதிரிப் படையான ஓர்க்குகள் பக்கத்தில் வந்தால் அது நீலமாக ஒளிரும், உண்மைதான். ஆனால் மந்திரவாதி கேண்டால்ஃபின் கிளாம்ட்ரிங் வாளும் ஒளிரும். இரண்டும் ஒரே ஊர் எல்ஃப்கள் அடித்த வாள்கள். படத்தில் கிளாம்ட்ரிங் ஒளிராது என்பதால் படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. விடுகதையைத் தூக்கிப் போடத் தேவையில்லை, ஒரு வரி சேர்த்தால் போதும்: 'பெரியவன் கையில கத்தி, சின்னவன் கையில வாள், எதிரி வந்தா நீலம்.' இப்போது ஹாபிட் கையில் இருப்பது மட்டும்தான் பொருந்தும். எழுதி முடித்ததும் 'இது வேறு எதற்காவது பொருந்துமா' என்று வீட்டிலேயே ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் இந்தச் சிக்கல் வராது. மோதிரத்துக்கு எழுதுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 'மாட்டினவன் மறைவான்' என்று எழுதினால், காட்டோரம் வாழும் டாம் பாம்படில் அதை மாட்டியும் மறையவில்லையே என்று கேட்க ஓர் ஆள் எப்போதும் இருப்பார்.

புத்தகம், படம் குழப்பத்தை இவர்கள் இன்னும் தீர்க்கவில்லை. மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோ காயம்பட்டபோது அவனை ஆற்றங்கரைக்குச் சுமந்து போன குதிரை புத்தகத்தில் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரனுடையது. 2001-இல் வந்த படத்தில் அவனை ஏற்றிக்கொண்டு ஓடுவது எல்ரோண்டின் மகள் ஆர்வென். மலைக்குள் இருக்கும் மோரியா நகரத்து வாசலின் புதிரைப் புத்தகத்தில் அவிழ்ப்பவர் கேண்டால்ஃப், படத்தில் ஃப்ரோடோ. அட்டையின் மூலையில் 'நூல்' என்றோ 'படம்' என்றோ ஒரு சொல் எழுதச் சொன்னால் முடிகிற விஷயம். சொல்வதில்லை. வாரத்துக்கு ஒரு சண்டையாவது இதனால் வருகிறது.

தமிழில் போடுவதால் கிடைக்கும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. நம் வினைமுற்றில் ஆணா பெண்ணா பொருளா என்று தெரிந்துவிடும். 'வந்தான்' என்று எழுதினால் பாதி விடை போய்விட்டது. ஆனால் நிலாவை ராணியாக்கி 'வருவாள்' என்று சொல்லியே பழகிய மொழி இது. ஆகவே தெரிந்தே பொய் விகுதி போட்டு ஏமாற்றலாம். கறுப்புக் குதிரைக்காரர்களின் தலைவனான சூனிய மன்னனைப் பற்றிய முன்கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எந்த மனிதன் கையாலும் வீழ மாட்டான் என்பது அதன் பொருள். கடைசியில் வீழ்த்துவது எயோவின் என்ற பெண்ணும் மெர்ரி என்ற ஹாபிட்டும். 'ஆண்' என்று எழுதினால் எயோவின் வெளியே தெரிந்துவிடுவாள், மெர்ரிக்கு இடமே இராது. 'மனிதன்' என்று எழுதினால் இரண்டும் ஒளிந்திருக்கும்: அவள் பெண், அவன் வேறு இனம். ஆண், மனிதன் இரண்டையும் குறிக்கும் 'man' என்ற ஆங்கிலத்துச் சிலேடை தமிழில் தானாகவே உட்கார்ந்துகொள்வது அபூர்வம்.

உட்காராத இடம் மோரியா வாசல். வளைவில் எழுதியிருப்பதைக் கேண்டால்ஃப் 'பேசு நண்பா, உள்ளே வா' என்று படித்து, தெரிந்த மந்திரமெல்லாம் சொல்லி ஓய்ந்து போகிறார். அது உண்மையில் 'நண்பன் என்று சொல்லிவிட்டு உள்ளே வா' என்பது. மெல்லோன் என்ற எல்விஷ் சொல்தான் சாவி. தமிழில் 'நண்பா' என்றால் விளி, 'நண்பன்' என்றால் பெயர். வேற்றுமை வந்து குட்டை உடைத்துவிடும். பல பேர் இதில் தோற்ற பிறகு ஒருவர் கொண்டுவந்தது: 'தோழர் சொல்லுங்கள் நுழையுங்கள்.' மேற்கோள் குறி இல்லாமல் படித்தால், கூப்பிடுவதாகவும் எடுத்துக்கொள்ளலாம், சொல்லவேண்டிய சொல்லாகவும் எடுத்துக்கொள்ளலாம். 1918-இலேயே மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய வட சென்னையில் 'தோழர்' என்ற சொல்லைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து மொழியிலிருந்தே விடை வந்தது.

இனி ரெட். தன் காயின் ஒன்றாவது குழியில் இருந்தால்தான் ரெட் கேட்கலாம். கடினமான விடுகதைகளை ஒரு காலி போரிக் பவுடர் டப்பாவில் மடித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். அவிழ்த்தால் 3 பாயின்ட். ஆனால் ஃபாலோ போட வேண்டும்: அதே விடைக்கு, முதல் விடுகதையின் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், மூன்று நிமிடத்தில் சொந்தமாக இன்னொரு விடுகதை கட்ட வேண்டும். பக்கத்து போர்டிலிருந்து ஒருவர் வந்து, சொல் திரும்ப வந்திருக்கிறதா, இரண்டு விடை வருகிறதா என்று பார்ப்பார். தேறாவிட்டால் ரெட் நடுவுக்குப் போய்விடும். டப்பாவிலிருந்து வந்த ஒன்று:

'நெத்தியில விடை எழுதி நிப்பா, வந்தவங்ககிட்ட விடை கேப்பா.'

மோரியா வாசல்தான். அதற்கு அவிழ்த்த அணி போட்ட ஃபாலோ:

'சூரியனுக்குத் தெரியாது, நிலாவுக்குத் தெரியும். தள்ளினா அசையாது, சிநேகிதம்னா வழி விடும்.'

அந்த எழுத்து நிலவொளியும் நட்சத்திர ஒளியும் பட்டால்தான் தெரியும் என்பதைப் பிடித்துவிட்டார்கள். மனப்பாடம் பண்ணி வந்தவர் முதல் பாதியை அவிழ்ப்பார், ஃபாலோவில் மாட்டுவார். இந்த ஒரு விதிக்காகவே 60 ரூபாய் தரலாம்.

இடத்தைப் பற்றிக் குறைகள் நிறைய. போர்டில் போரிக் பவுடர் எப்போதும் இருக்கும். அட்டையை அதன்மேல் வைத்தால் ஜெல் பேனா எழுத்து தீற்றிக்கொள்ளும். பால்பாயின்டில் எழுதுங்கள். அச்சடித்துக்கொண்டு வருவதானால் 300 ஜிஎஸ்எம் அட்டை, மேலே மேட் லேமினேஷன். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், போர்டுக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு அதில் பட்டு எழுத்தே தெரியாது. பக்கத்து நாலு போர்டில் ஸ்ட்ரைக்கர் சத்தம் ஓயாது, ஆகவே விடுகதையை இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டும், அந்த நேரமும் 90 விநாடிக்குள்தான் போகிறது. இது சரியில்லை, இரண்டாம் முறை சொல்லி முடித்த பிறகு கடிகாரத்தை ஓடவிடலாம். மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது. பெரியவர்களைக் கூட்டிப்போவதானால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கதை படிக்காதவர்கள் 5 மணிக்கே போய்விடலாம். முதல் அரை மணி நேரம் பொது விடுகதைதான்: காற்று, முட்டை, இருட்டு, மீன், பல் என்று. பில்போவும் கொல்லமும் குகையில் கேட்டுக்கொண்டவற்றில் பலவற்றின் விடைகளும் இவையேதான் என்பது அப்புறம் தெரியவரும். 'கொஞ்சம் டைம் குடுங்கண்ணா' என்று மட்டும் கேட்காதீர்கள். கதையில் பில்போ பதறிப்போய் 'டைம், டைம்' என்று கத்த, அதுவே விடையாக அமைந்து தப்பித்தான். இங்கே விடை காலமாக இல்லாவிட்டால் அதையும் ஓர் ஊகமாக எண்ணிவிடுகிறார்கள். ஏழரைக்கு மேல் போனால் பவுடர் டப்பா காலியாகியிருக்கும், வடையும்தான்.