மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. இயந்திரம்: முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் பற்றிய ஒரு புகார்

உப்புக் குறைந்த தண்ணீரை விரும்பும் டிஸ்கஸ் மீன்களை வளர்க்க ஆசைப்படும் தாம்பரத்து நண்பர் ஒருவர், எங்கள் வீட்டில் ஓடும் ஆர்.ஓ. இயந்திரத்தையே தாமும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த இயந்திரத்தின் அடாப்டர் எரிந்துபோய், பழுது பார்ப்பவர் வந்து சென்ற அதே வாரத்தில் இந்தக் கேள்வி வந்தது. ஆகவே என் பதிலில் நியாயத்தோடு கோபமும் கலந்திருக்கும். இயந்திரத்தின் உள்ளமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், பூஸ்டர் பம்ப், உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேன், கிருமிகளைக் கொல்லும் யு.வி. விளக்கு, மேலே ஒரு சேமிப்புத் தொட்டி. சமையலறைச் சுவரில் மாட்டும் சாதாரண வீட்டு இயந்திரம். மீன்களுக்கென்று தனியாகச் செய்யப்பட்டதல்ல.

நண்பரின் கேள்வியில் இருந்த ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். தொட்டிக்குள் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோ கேனிஸ்டர் ஃபில்டரோ மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உதவியால் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தொட்டிக்குள் ஊற்றப்போகும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த உப்புகளை எடுப்பதற்குத்தான் ஆர்.ஓ. தேவைப்படுகிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் வீடு மேடவாக்கத்தில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டி.டி.எஸ்.) என் மீட்டர் 1180 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 1180 பங்கு என்று காட்டுகிறது; கோடையில் இன்னும் ஏறும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. மோலிக்கும் கப்பிக்கும் இந்தத் தண்ணீர் ஒத்துப்போகிறது. ஆனால் நான் கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து வாங்கி வந்தவை கார்டினல் டெட்ராக்களும் ஜெர்மன் புளூ ராம் ஜோடியும். இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மென்மையான, உப்புக் குறைந்த நீர்நிலைகள். நாட்டு வாதுமை இலையைப் போட்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியதே தவிர, கார்பனேட் அவ்வளவு நிறைந்த தண்ணீரில் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, அசையவே இல்லை. மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மொத்த உப்பு குறையாது. கார்பனும் யு.வி.யும் உப்பைத் தொடுவதே இல்லை. வேறு வழியில்லாமல்தான் குடிநீருக்கு வாங்கிய ஆர்.ஓ. இயந்திரம் மீன்களுக்கும் உழைக்கத் தொடங்கியது.

அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெம்பிரேன் நன்றாக ஓடும்போது 1180 என்பது 55 ஆகிவிடுகிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு உப்பு நீங்குகிறது. தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் படிந்து, பிளேடால் சுரண்டினாலும் போகாமல் நின்ற அந்த வெள்ளைக் கோடு இப்போது இல்லை. கார்டினல் டெட்ராவின் சிவப்புப் பட்டை மூக்கிலிருந்து வால் வரை அறுபடாமல் தெரிகிறது. ராம் ஜோடி தட்டையான கூழாங்கல்லைத் தாடையால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து முட்டையிட்டது. பழைய தண்ணீரிலும் அவை முட்டையிட்டதுண்டு, ஆனால் இரண்டாம் நாளே அத்தனையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். இந்த முறை முட்டைகளுக்குள் கண்கள் கறுப்பதைப் பார்த்தேன். குஞ்சுகள் கல்லின் மேல் ஒரு சாம்பல் மூட்டமாகத் துடித்ததையும் பார்த்தேன். மீன் வளர்க்கும் எவருக்கும் இதற்கு மேல் மகிழ்ச்சி கிடையாது.

இனி அந்த ஒரு எரிச்சலுக்கு வருகிறேன். இரவு முழுதும் ஓடாமல் நின்ற இயந்திரத்தைக் காலையில் இயக்கி, முதலில் வரும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது 300-ஐத் தாண்டும். இரண்டு நிமிடம் கழித்து 140, ஐந்து நிமிடம் கழித்து 70, அதன் பிறகு 55-இல் வந்து நிற்கும். இதை இத்துறையில் உள்ளவர்கள் டி.டி.எஸ். கிரீப் என்கிறார்கள். பம்ப் அழுத்தம் கொடுக்கும் வரைதான் தண்ணீர் மெம்பிரேனைக் கடந்து இந்தப் பக்கம் வரும், உப்பு அந்தப் பக்கம் தங்கும். அழுத்தம் நின்றதும் இரண்டு பக்கமும் சமமாகிவிட முயல்கின்றன. உப்பு மெல்ல மெல்ல மெம்பிரேனைக் கடந்து தூய நீர் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மறுபடி இயக்கும்போது, இரவில் உப்பேறிய அந்தத் தண்ணீர்தான் முதலில் வெளியே தள்ளப்படுகிறது. மெம்பிரேனில் ஒரு குறையும் இருக்க வேண்டியதில்லை. புத்தம் புதிய மெம்பிரேனும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

முதல் மழைத் தண்ணீரை வெளியேவிட்டு, மொட்டைமாடி கழுவுண்ட பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும் என்பது, 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானதற்குப் பிறகு இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த பாடம். ஆர்.ஓ. தண்ணீரிலும் முதலில் வருவதை ஒதுக்க வேண்டும் என்று மட்டும் விற்றவர் சொல்வதில்லை, கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

குடிப்பவருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மீன் தொட்டிக்குத்தான் இது தலைவலி, அதற்குக் காரணம் சேமிப்புத் தொட்டி. வீட்டில் யாரோ இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்தால் மட்டம் இறங்கும், மிதவை சுவிட்ச் இயந்திரத்தை எழுப்பும், மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடும். அந்த மூன்று நிமிடமும் வருவது கெட்ட தண்ணீர்தான். நாள் முழுவதும் இப்படிச் சிறிது சிறிதாக ஓடினால், 55 கொடுக்கக்கூடிய இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியில் 160 இருக்கிறது. நான் ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீரோடு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிறேன், வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச்.-ஐப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் ஏறக்குறைய இல்லை, அது திடீரென்று சரிந்தால் மீன்கள் தாங்காது. 55-ஐக் கொண்டு கலந்தால் 170-க்குள் முடிகிறது. 160-ஐக் கொண்டு கலந்தால் 260-ஐத் தாண்டுகிறது. மீன் சாகாது, உண்மைதான். ஆனால் ஒரு வாரம் 170, மறுவாரம் 260 என்று தண்ணீர் மாற்றினால் முட்டையிடும் ஜோடி முட்டையிடாமல் போகலாம்.

இதற்கு நான் செய்த ஏற்பாடு எளிது. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில், சேமிப்புத் தொட்டிக்கு முன்பாக ஒரு மூவழி வால்வைப் பொருத்தினேன். வாரம் ஒரு முறை, தண்ணீர் மாற்றும் நாளில், வால்வைத் திருப்பி இயந்திரத்தை இடைவிடாமல் ஓடவிடுகிறேன். முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் ஒரு வாளிக்குப் போகிறது, மீட்டர் 60-க்குக் கீழே வந்த பிறகு குழாய் மீன் தொட்டிக்கான டிரம்முக்கு மாறுகிறது. வாளித் தண்ணீரும் வீணாவதில்லை. கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், துணிக்கு ஊற்றினால் சோப்பு நன்றாக நுரைக்கிறது. மெம்பிரேன் கழித்துவிடும் தண்ணீர்தான் கவலை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்க, இரண்டு லிட்டருக்கு மேல் அது வெளியேறுகிறது, உப்பு 1600-க்கு மேல். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துகிறோம். செடிகளுக்கு ஊற்றாதீர்கள், மண்ணில் உப்புப் பூத்துவிடும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, இந்த முதல் தண்ணீரை வைத்து நடக்கும் வியாபாரம். சென்ற ஆண்டு பராமரிப்புக்கு வந்தவர், இயந்திரத்தை இயக்கிய உடனே மீட்டரை விட்டுப் பார்த்து, மெம்பிரேன் போய்விட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டிப் பணம் பெற்றுச் சென்றார். மறுநாள் காலை அந்தப் புதிய மெம்பிரேனின் முதல் தண்ணீர் 290 காட்டியது. என்ன நடக்கிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான். இந்த முறை அடாப்டர் மாற்ற வந்த இளைஞர், வேலை முடிந்து இயக்கியதும் அதே போல் மீட்டரை நுழைத்தார். எண் 312.

"சார், மெம்பிரேன் போயிடுச்சு. மாத்திடலாமா?"

"தம்பி, ரெண்டு நாளா ஓடாம நின்ன மெஷின். பத்து நிமிஷம் ஓடட்டும், அப்புறம் பாருங்க."

பத்து நிமிடம் இருவரும் நின்றோம். அவர் மீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. எண் இறங்கி இறங்கி 58-இல் நின்றது. அவர் முகத்தில் கள்ளம் இல்லை, வியப்புதான் இருந்தது. ஆன் செய்து பார்க்க வேண்டும், 150-க்கு மேல் இருந்தால் மெம்பிரேன் மாற்றச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தங்களுக்குச் சொல்லித் தந்தது என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. தான் விற்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தன் ஊழியருக்கே சொல்லிக் கொடுக்காமல், அந்த அறியாமையிலிருந்து ஆண்டுதோறும் மெம்பிரேன் விற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் மீதுதான் கோபம். எத்தனை வீடுகளில் நல்ல மெம்பிரேன்கள் கழற்றிக் குப்பையில் வீசப்பட்டிருக்கும்!

நிறுவனத்தின் பக்கம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. பூஸ்டர் பம்ப் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட மக்கர் செய்ததில்லை. இவ்வளவு உப்பான தண்ணீரைக் கொடுத்தும் மெம்பிரேன் அடைபடாமல் உழைக்கிறது. இந்த இயந்திரம் இல்லாவிட்டால் அந்த ராம் குஞ்சுகள் இல்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். முதலில் உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். மெட்ரோ தண்ணீர் வந்து 300-க்குள் இருந்தால், குளோரினைப் போக்க ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் போதும்; பெரும்பாலான மீன்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், டிஸ்கஸை விட்டுவிட்டு அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மோலியையோ தாங்கன்யிகா ஏரியின் சிக்லிட்களையோ வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. டிஸ்கஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், சேமிப்புத் தொட்டியும் மிதவை சுவிட்சும் யு.வி.யும் இல்லாத வெறும் ஆர்.ஓ. அமைப்பை உதிரிபாகக் கடையில் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள்; மெம்பிரேனுக்கு முன் கார்பன் ஃபில்டர் கட்டாயம் இருக்கட்டும், குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். வாங்கும் இடத்தில், ஓர் இரவு நின்ற இயந்திரத்தின் முதல் டம்ளரையும் பத்து நிமிடம் கழித்து வரும் டம்ளரையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். என்னுடைய ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதை நான் புதுப்பிக்கப் போவதில்லை.