மட்டக்களப்பில் இலவச மேன்முறையீட்டு உதவி: பொய்ச்சாட்சி வழக்குக்குச் சரிவருமா?

நகரிலுள்ள ஒரு இலவச சட்ட உதவி நிலையத்தின் மேன்முறையீட்டுச் சேவையைப் பற்றியது இது. பொய்ச்சாட்சியால் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரின் குடும்பம் அங்கே போனால், முதல் வேலையைத் திறமாகச் செய்கிறார்கள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்போ மேல் நீதிமன்றத் தீர்ப்போ, மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். மனுவை இழுத்தடிக்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவும் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு முழுப் புள்ளி.

இடறுவது அடுத்த கட்டத்தில். சாட்சி மனம் மாறி “நான் சொன்னது பொய்” என்றால், உடனே அதைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்கிறார்கள். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பைக் கவிழ்ப்பது கடினம். மிரட்டலோ காசோ பின்னால் இருக்கலாம் என்றுதான் நீதிமன்றம் முதலில் சந்தேகிக்கும். அரசியலமைப்பின் 139(2) உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய சாட்சியத்தை ஏற்கலாம். ஆனால் முதல் வழக்கு விசாரணையின்போது ஏன் கொண்டுவர முடியவில்லை, முடிவை மாற்றுமளவு கனதியானதா, நம்பத்தக்கதா என்று துருவும். சாட்சிக்கும் ஆபத்து உண்டு: பொய்ச்சாட்சியத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 190ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறை. அவருக்கு வேறு சட்டத்தரணி வேண்டும். எதிரியின், அதாவது குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரின், சட்டத்தரணியே அந்தக் கடதாசியை எழுதினால் சந்தேகம் இரட்டிக்கும்.

பலமான வாதம் பெரும்பாலும் வழக்கின் பதிவுகள் அடங்கிய வழக்கேட்டுக்குள்ளேயே கிடக்கும். சாட்சி பொலிசில் சொன்னது ஒன்று, கூண்டில் சொன்னது வேறொன்றா? அந்த முரண்பாடு குறுக்கு விசாரணையில் சாட்சிக்குக் காட்டி வழக்கேட்டில் குறிக்கப்பட்டதா? குறிக்காமல் விட்டதை மேன்முறையீட்டில் கிளப்புவது பெரும்பாடு. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையிலுள்ள காயம் சாட்சி சொன்ன ஆயுதத்தோடு பொருந்துகிறதா? இவற்றைப் பக்க எண்ணோடு எழுதித் தரும்படி நிலையத்தாரைக் கேளுங்கள். கேட்டால் செய்கிறார்கள், தாங்களாகச் செய்வதில்லை.

மேல் நீதிமன்றத் தீர்ப்பென்றால் வழக்கு கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். தமிழ்ப் பதிவுகள் மொழிபெயர்ப்பாகும்போது ஒரு விடை விழுந்தாலும் முரண்பாடு காணாமல் போகும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

14 நாள் கடந்து வருபவர்களைச் சிலவேளை “காலம் போயிட்டுது” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது சரியில்லை. தீர்ப்பை மேல்நிலை நீதிமன்றம் மறுபடி பார்க்கும்படி கேட்கும் மீளாய்வு மனு என்ற வழி இருக்கிறது. அதற்கு விசேட சூழ்நிலை காட்ட வேண்டும், தாமதத்துக்கு விளக்கமும் வேண்டும். காரணத்தை நிறுவும் ஆஸ்பத்திரி, சிறைச்சாலைக் கடதாசிகளைக் கையோடு கொண்டு போங்கள்.