ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் பிள்ளைகள்: சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் அம்மாவின் அனுபவம்

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். மகள் 2017-இல் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, 2025-இல் எட்டாம் வகுப்பை முடித்தாள். இப்போது டவுனில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். மகன் அதே ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது. ஜூன் மாதம் நெருங்கினாலே, "உங்க ஸ்கூல் எப்படிக்கா, ஆறாவதுக்கு அங்கேயே விட்டுடலாமா?" என்று கேட்டு யாராவது வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். ஆறு, ஏழு, எட்டு எப்படி இருக்கும் என்பது மட்டும் அந்த வருடம் எந்தெந்தப் பாடத்துக்கு பட்டதாரி ஆசிரியர் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கட்டடம், வர்ணம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சின்ன வகுப்புகளில் மகளுக்கும் மகனுக்கும் கிடைத்தது ஒன்றல்ல. மகள் மூன்றாவது படிக்கும்போது கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. நடுவில் இரண்டு வருடப் படிப்பு போனது போனதுதான். ஐந்தாவதில் மறுபடி உட்கார்ந்தபோது, தமிழில் ஒரு பத்தியை அவள் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அவளைக் கரையேற்றியது, விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்பு. எங்கள் தெருவில் பி.எஸ்சி. கணக்கு முடித்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். அந்தப் பெண் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மகனுக்கு 2022-இல் சின்ன வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்துவிட்டது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம் என்றில்லாமல், பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இவன் கணக்கில் மலர், தமிழில் மொட்டு. எங்கே பின்தங்கியிருக்கிறான் என்று டீச்சர் புத்தகத்தைத் திறந்து காட்டியே சொன்னார். பாட்டும் அட்டையும் விளையாட்டுமாகப் போனதால் லீவு போட மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை அவன்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரே வளாகத்தில் தம்பி கிச்சடி சாப்பிட, ஏழாவது படித்த அக்கா பக்கத்தில் நின்று தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். விடியற்காலையில் களை எடுக்கப் போகும் அம்மாக்கள் இருக்கிற ஊர் இது. எட்டாவது வரைக்கும் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். மதியச் சத்துணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பள்ளி நாட்களில் முட்டை தவறியதில்லை.

இனி ஆறிலிருந்து எட்டு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்த வகுப்புகளுக்குக் கணக்கு, அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடத்துக்கு ஒருவர் என்று குறைந்தது இருக்க வேண்டும். மகள் ஆறாவது படித்த வருடம் எல்லோரும் இருந்தார்கள். அறிவியல் டீச்சர் ரொம்ப நல்ல மாதிரி. அறிவியலையும் கணக்கையும் செய்துகாட்டிச் சொல்லித்தரும் அரசின் வானவில் மன்றம் சார்பில் வந்தவர்கள் ஒருநாள் குவிலென்ஸைக் கொடுத்து, ஜன்னலை வெள்ளைத்தாளில் தலைகீழாக விழ வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் தாத்தாவின் படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வாங்கி, விளக்கை அணைத்துவிட்டு, வாசற்கதவைச் சுவரில் தலைகீழாகக் காட்டினாள். தாத்தா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வருடம் அவள் படித்த படிப்பு வேறு.

ஏழாவதில் கணக்கு டீச்சர் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கைக்குழந்தைக்காரர். ஆனால் அந்த இடத்துக்கு வருடம் முழுக்க ஆள் போடவில்லை. ஏற்கெனவே மூன்று வகுப்புக்கும் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவர் தலையிலேயே கணக்கும் விழுந்தது. முழுக்கள், இயற்கணிதம் எல்லாம் கொஞ்சம் ஆழமாகப் போகிற வகுப்பு அது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று இவள் வீட்டில் கேட்கிறாள், சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தெரியவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். தீர்மானம் போட்டோம், கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினோம், நேரிலும் போய்க் கேட்டோம். "கலந்தாய்வில் வரும்" என்பதுதான் பதில். கடைசியில் அந்தத் தன்னார்வலர் பெண்ணிடமே போய் நின்றோம். மாலையில் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு மட்டும் எடுத்தாள். மறு ஜூனில் புது டீச்சர் வந்தார். அந்த ஒரு வருட ஓட்டை ஒன்பதாவது வரை தெரிகிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் கழிப்பறையை உள்ளே போய்ப் பாருங்கள். மோட்டார் எரிந்துபோன ஒரு கோடையில் பெரிய பெண்கள் மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் பாதிப் பேர் லீவு. விஷயம் தெரிந்ததும் அம்மாக்கள் நாங்கள் கூட்டமாகப் போய்க் கிராமசபையில் எழுந்து பேசினோம், அப்புறம்தான் மோட்டாரும் தொட்டியும் சரியானது. கேட்காமல் எதுவும் தானாக நடக்காது.

எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். மனத்திறன், படிப்புத்திறன் என்று இரண்டு தாள், தலா 90 கேள்வி. பள்ளி விட்ட பிறகும் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. என் மகளுக்குக் கிடைக்கவில்லை, அவள் தோழிக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் அப்பா கல் உடைக்கிறவர்.

ஒன்பதாவதுக்கு மாறியது மகளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பெரிய வகுப்பு, ஆறாவதிலிருந்தே அங்கே படிக்கிற பிள்ளைகள் தனிக் கூட்டம். "இங்க சந்தேகம்னா கையைத் தூக்கணும்மா. நம்ம ஸ்கூல்ல முகத்தைப் பார்த்தே டீச்சர் கேட்டுடுவாங்க" என்றாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் நான்கு பேர் பழக்கமானார்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். இரண்டு வருடம் தனியார் பள்ளியில் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு வரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஃபீஸை மட்டும் பார்த்து ஆறாவதில் முடிவெடுத்தவர்கள் பின்னால் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மே மாதமே ஹெச்.எம்.மைப் பார்த்து, கணக்குக்கும் அறிவியலுக்கும் யார் இருக்கிறார்கள், யாராவது மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எங்கள் ஹெச்.எம். ஒளிக்காமல் சொல்வார். இந்த வருடம் இரண்டு இடமும் நிரம்பித்தான் இருக்கிறது, மகனை ஆறாவதுக்கும் அங்கேயே விடுகிறோம்.