சபைப் பாட்டா, ஊர் மேடையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு இப்போது கல்யாண டின்னர்களிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. சினிமாப் பாட்டு வாசித்தால் விசுவாசம் போய்விடுமோ என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள்.

சபையோடு நின்றுவிட்டால், யாருக்காக வாசிக்கிறோம் என்ற குழப்பமே வராது. தோட்டத்திலிருந்து வரும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கீர்த்தனையைத் தொடங்குவார். சுருதி எங்கேயோ இருக்கும். தம்பி கட்டையை மாற்றி அவர் குரலுக்கு இறங்கி வருவான். கைதட்டல் கிடையாது. அந்தப் பணிவை வேறு எந்த மேடையும் கற்றுத்தராது. ஆனால் வீட்டு வாடகைக்கு அது உதவாது.

வெளிமேடையில் காசு உண்டு, புதிய காதுகளும் உண்டு. அமெரிக்காவின் ஏமி கிராண்ட் கிறிஸ்தவப் பாடகியாகப் பேரெடுத்தவர். 1991-ல் அவர் பாடிய காதல் பாட்டு அந்நாட்டின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிறிஸ்தவர்களே சிலர் அவரை ஏசினார்கள். அவரோ 2002-ல் பழைய ஞானப்பாட்டுகளைப் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

காதலைப் பாடுவது பாவமில்லை. காதல் கவிதையான உன்னதப்பாட்டு வேதாகமத்தில்தானே இருக்கிறது! என் பயமெல்லாம் சனிக்கிழமை ராத்திரி பற்றித்தான். நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறவனுக்கு ஞாயிறு ஆராதனை மெல்ல மெல்ல நழுவிப் போகும். அதைக் காத்துக்கொள்ள முடியுமென்றால், என் ஓட்டு வெளிமேடைக்கே.

போன ஞாயிறு அவன் டின்னர் சட்டையோடே வந்து, பாட்டியின் சுருதியைத் தேடிக்கொண்டிருந்தான்.